போத்தல் பத்தரக்காரருக்குப் போகவிருந்த சரவிளக்கு



போன வாரம் இஷாவுக்குப் பிறகு மச்சி ஒருத்தி கோல் எடுத்தாள். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கும் அவளுடைய மாமியார் வீட்டை உடைக்கப் போகிறார்கள். அந்த இடத்தில் ஐந்து மாடி எழும்பப் போகிறது. ஹோலில் தொங்கும் பழைய லைட்டைப் பார்த்துவிட்டு போத்தல் பத்தரக்காரர் விலை சொல்லியிருக்கிறார்.

"பித்தளைய நிறுத்துக் காசு தாராராம். கண்ணாடிக்கு ஒண்டுமில்லையாம். குடுக்கட்டா? நீ ஹிஸ்ட்ரி டீச்சர்தானே, சொல்லு."

"சனிக்கிழம வரைக்கும் பொறு, வாறன்" என்றேன்.

அவளுக்கு அவசரம் இருந்தது. புது வீட்டுக்கு என்று கடையொன்றில் பளபளவென்று ஒரு சாண்டிலியர் பார்த்து வைத்திருந்தாள். தவணைக் கட்டணம், மாதாமாதம். பித்தளைக் காசை முதல் தவணைக்குப் போடலாம் என்பது அவள் கணக்கு.

சனிக்கிழமை போனேன். ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். தூசியும் ஒட்டடையும் படிந்து விளக்கு சாம்பல் நிறத்தில் இருந்தது. ஆறு கைகள். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு சின்னக் கண்ணாடித் தட்டு, தட்டைச் சுற்றி மேலே திறந்த ஒரு கண்ணாடிக் கூடு, கீழே சரம் சரமாகத் துளிக் கண்ணாடிகள். கைகளின் வெளிப்பக்கமாக, துணி சுற்றிய பழைய வயரை நூலால் கட்டியிருந்தார்கள். அந்த வயரைக் கண்டதும் எனக்குப் பாதி விஷயம் விளங்கிவிட்டது. மின்சாரத்துக்காகச் செய்த விளக்கென்றால் வயர் கையின் உள்ளே ஓடியிருக்கும். இந்தக் கைகளில் துவாரமே இல்லை. அந்தத் தட்டும் அலங்காரத்துக்காக வைத்ததில்லை, உருகி வழியும் மெழுகைப் பிடிக்க வைத்தது. இது மெழுகுதிரிக்காகப் பிறந்த விளக்கு.

மச்சியிடம் அன்று ஏணியில் நின்றபடி சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நம் பகுதியில் மாதத்துக்கு ஒரு பழைய வீடாவது உடைபடுகிறது. யாருக்காவது உதவும்.

முதலில் பெயர். சாண்டிலியர் என்ற சொல்லுக்கு வேர், மெழுகுதிரியைக் குறிக்கும் 'கண்டேலா' என்ற இலத்தீன் சொல். அதே சொல் அரபுக்குப் போய் 'கின்தீல்' ஆனது. மராட்டியர் தீபாவளிக்குக் கட்டும் 'ஆகாச கந்தீல்' அதன் பேரப்பிள்ளை. அரபியில் சரவிளக்குக்கு இன்னொரு பெயரும் உண்டு: துரையா. வானத்தில் கொத்தாகத் தெரியும் கார்த்திகை நட்சத்திரங்களுக்கும் அதே பெயர்தான். நம் பக்கத்தில் சுரையா என்று எத்தனை பிள்ளைகள்! என் வகுப்பிலேயே இரண்டு பேர். பெயரின் பொருளைச் சொன்னால் வீட்டில் போய் உம்மாவிடம் சண்டை பிடிப்பார்களோ தெரியாது.

கண்ணாடிக்குள் விளக்கு வைத்துத் தொங்கவிடும் கலை கெய்ரோவிலும் டமஸ்கஸிலும் உச்சத்துக்குப் போனது 13ஆம், 14ஆம் நூற்றாண்டுகளில், மம்லூக் சுல்தான்களின் காலத்தில். வாய் விரிந்து, இடை சிறுத்து, வயிறு பெருத்த பள்ளிவாசல் விளக்குகள் அவை. பொன்னும் நீலமும் சிவப்பும் இட்ட எனாமல் எழுத்து. பலவற்றின் கழுத்தில் சூரா அந்-நூரின் 35ஆம் வசனத்தை எழுதியிருப்பார்கள். மாடத்தையும் கண்ணாடியையும் விளக்கையும் பற்றிப் பேசும் வசனம் வேறு எங்கே இதைவிடப் பொருத்தமாக அமையும்? கெய்ரோவில் சுல்தான் ஹஸன் பள்ளிவாசலுக்கென்று செய்த விளக்குகள் பல இன்றும் அந்நகரத்து இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உண்மையில் அவை கூடுகள்தான். உள்ளே எண்ணெயும் திரியும் உள்ள சின்னக் கிண்ணம் இருக்கும். அந்த மங்கிய சுடர் எழுத்தின் பின்னால் நின்று எழுத்தையே ஒளிர வைக்கும்.

1400-01இல் தைமூர் டமஸ்கஸைச் சூறையாடினார். சிரியாவின் கண்ணாடித் தொழில் அதன்பின் தலைநிமிரவில்லை. அந்த இடத்தை வெனிஸ் பிடித்தது. எவ்வளவு தூரம் பிடித்தது என்றால், 1569இல் உஸ்மானியப் பேரரசின் பிரதம வஸீர் சொகொல்லு மெஹ்மத் பாஷா, பள்ளிவாசல் விளக்குகள் 900 வேண்டும் என்று வெனிஸுக்கே ஓடர் கொடுத்தார். கிழக்கிலிருந்து கற்ற தொழிலைக் கிழக்குக்கே விற்ற கதை. 'சரவிளக்கு வெள்ளைக்காரன் சாமான்' என்று சொல்பவர்களுக்கு நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

இன்று நாம் 'கிரிஸ்டல்' என்று சொல்லும் கண்ணாடி இங்கிலாந்தில் பிறந்தது. 1674இல் ஜோர்ஜ் ரேவன்ஸ்குரொஃப்ட் என்பவர் காப்புரிமை எடுத்தார். அந்தக் கண்ணாடியில் ஈய ஒட்சைட்டைக் கலந்ததும் அது கனத்தது, வெட்டுவதற்கு இலகுவானது, உள்ளே போகும் ஒளியை அதிகம் வளைத்து வானவில்லாகச் சிதறடித்தது. ஒரு மெழுகுதிரியைப் பத்தாகக் காட்ட வேண்டுமானால் இதுதான் வழி. ஆனால் 1745இலிருந்து பிரித்தானிய அரசு கண்ணாடிக்கு நிறைப்படி வரி போட்டது. ஈயக் கண்ணாடியோ கனம். நூறு வருஷம் தொழிலாளர் அந்த வரிக்குப் பயந்து மெல்லிசாகவும் சின்னதாகவும் செய்தார்கள். 1845இல் வரி நீங்கியதும் விளக்குகள் வீங்கத் தொடங்கின.

அந்த வீக்கத்தின் பெயர் ஒஸ்லர். 1807இல் பேர்மிங்ஹாமில் தொடங்கிய எஃப் அன்ட் சி ஒஸ்லர் கம்பனி. 1851இல் லண்டன் பெருங்கண்காட்சியின் நடுவே 27 அடி உயரத்தில், 4 டொன் கண்ணாடியில் ஒரு நீரூற்றையே செய்து வைத்தார்கள். அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னர் எகிப்தின் இப்ராஹீம் பாஷாவுக்காக மிக உயரமான ஒரு சோடி கண்ணாடி விளக்குத் தண்டுகள் செய்து கொடுத்தவர்களும் அவர்களே. கல்கத்தாவில் கடை திறந்து இந்திய ராஜாக்களின் வீடு வீடாகச் சரவிளக்கை ஏற்றினார்கள். குவாலியர் ஜெய் விலாஸ் அரண்மனையில் ஒவ்வொன்றும் மூன்றரை டொன் என்று சொல்லப்படும் இரண்டு சரவிளக்குகள் உள்ளன. கூரை தாங்குமா என்று பார்க்க யானைகளை மேலே ஏற்றினார்கள் என்று அங்கே கதை சொல்வார்கள். கதைதான், ஆனால் நம் ஆட்கள் ஜிப்சம் சீலிங்கில் நான்கு ஆணி அடித்து இருபது கிலோ விளக்கைத் தொங்கவிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த யானைகள்தான் ஞாபகம் வரும்.

இஸ்தான்புல் டொல்மாபாஹ்சே அரண்மனையின் நாலரை டொன் சரவிளக்கைப் பற்றியும் ஒரு வரி. விக்டோரியா மகாராணி சுல்தானுக்குக் கொடுத்த அன்பளிப்பு என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். 2006இல் பற்றுச்சீட்டு அகப்பட்டது. சுல்தான் முழுக் காசும் கொடுத்து வாங்கியிருக்கிறார்! பழைய விளக்கோடு கடைக்காரர் ஒரு 'வளவு' கதையும் சேர்த்து விற்க வந்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதைக்குக் காசு கொடுக்காதீர்கள், கண்ணாடிக்குக் கொடுங்கள்.

இனி நம் தீவின் பங்குக்கு வருகிறேன். கலாசாலையில் படித்த காலத்தில் இதை ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஐரோப்பாவில் சாதாரண மெழுகுதிரி என்றால் மாட்டுக் கொழுப்பு. புகையும், நாறும், அடிக்கடி திரியைக் கத்தரிக்க வேண்டும். தேன்மெழுகு நல்லது, ஆனால் செல்வந்தருக்கு மட்டும். 1829இல் தேங்காயெண்ணெயை அழுத்திக் கெட்டிக் கொழுப்பைத் தனியாகப் பிரிக்கும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வந்தது. அடுத்த வருஷமே வில்லியம் வில்சன், பெஞ்சமின் லங்காஸ்டர் என்ற இரண்டு பேர் அதைப் பாவித்து லண்டனில் மெழுகுதிரித் தொழிற்சாலை தொடங்கினார்கள். கம்பனியின் பெயர் எட்வர்ட் பிரைஸ். பிரைஸ் என்று ஒரு மனிதர் இருக்கவில்லை. மெழுகுதிரி வியாபாரம் கௌரவக் குறைவு என்பதால் சொந்தப் பெயரை மறைத்தார்கள். எண்ணெய் தடையில்லாமல் கிடைக்க அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இலங்கையில் ஏறக்குறைய ஆயிரம் ஏக்கர் தென்னந்தோட்டம் வாங்கிப் போட்டார்கள். 1840இல் விக்டோரியாவின் கல்யாணத்துக்கு லண்டன்வாசிகள் ஜன்னலில் ஏற்ற, திரி கத்தரிக்கத் தேவையில்லாத மலிவான மெழுகுதிரியை இறக்கினார்கள். அதில் தேங்காயெண்ணெய்க் கொழுப்பும் கலந்திருந்தது.

பித்தளைக் கைகளுக்கும் நம்மோடு தொடர்பு உண்டு. பித்தளையை உருக்கும் மூசை சாதாரண மண்ணில் செய்தால் வெடித்துவிடும். காரீயம் கலந்து செய்தால் திரும்பத் திரும்பத் தாங்கும். பென்சிலுக்குள் இருக்கும் அதே காரீயம். 19ஆம் நூற்றாண்டில் உலகத்து மூசைக்காரர் தேடி வந்தது இலங்கைக் காரீயத்தைத்தான். கேகாலைப் பக்கம் போகலச் சுரங்கம் இன்றும் வேலை செய்கிறது.

சரவிளக்கு கப்பலில் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்து இறங்கியது உண்மை. அதை வார்த்த மூசைக்கும் அதில் எரிந்த மெழுகுக்கும் வேண்டியது அதே துறைமுகத்தில் முன்னரே ஏறிப் போயிருந்தது. நம்மவர் இரண்டையும் தலையில் சுமந்து ஏற்றியிருக்கிறார்கள்.

மச்சியின் விளக்கில் மெழுகுதிரியைச் சுற்றியிருந்த கண்ணாடிக் கூட்டைப் பற்றிச் சொன்னேனே, அது வெப்ப நாட்டுக்கென்று சேர்த்த உறுப்பு. குளிர் நாட்டில் ஜன்னலை மூடிவிட்டு மெழுகுதிரி ஏற்றலாம். இங்கே ஜன்னல் திறந்திருக்கும், கடற்காற்று வரும், கூரையில் பங்கா ஆடும். கூடு இல்லாவிட்டால் சுடர் நிற்காது. ஆகவே இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அனுப்பும் விளக்குகளுக்குக் கூடு வைத்தார்கள். பானை வடிவில் மூன்று சங்கிலியில் தொங்கும் ஒற்றை விளக்கும் அப்படித்தான் பரவியது. அதற்கு இந்தியச் சந்தையில் 'ஹண்டி' என்று பெயர். ஹண்டி என்றால் பானை. செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் சிவப்பு, பச்சை, நீலம் என்று தொங்குவதைப் பார்க்கலாம்.

மெழுகுதிரிக்குப் பின் மண்ணெண்ணெய். கொட்டாஞ்சேனையில் உம்மும்மா வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒன்று இருந்தது. பால் நிறக் கண்ணாடிக் குடை, நடுவே எண்ணெய்க் குடுவை, மேலும் கீழும் இழுக்கக் கப்பியும் எதிர்ப்பாரமும். புகை கூரையில் கரி படியாமல் இருக்க சிம்னிக்கு மேலே மணி போன்ற ஒரு குட்டிக் கண்ணாடி. வீட்டை விற்றுப் பங்கு பிரித்த நாளில் அது எங்கே போனது என்று எவருக்கும் தெரியாது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த மணியைத் தட்டினால் வரும் சத்தம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

1870களில் கொழும்புத் தெருக்களுக்கு கேஸ் விளக்கு வந்தது. 1895இல் பூஸ்டட் சகோதரர்கள் கோட்டைப் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கினார்கள். லக்ஷபான நீர்மின்சாரம் 1950இல்தான். இடைப்பட்ட காலத்தில் ஒரே வீட்டில் ஹோலுக்கு மின்சாரமும் குசினிக்குக் குப்பி விளக்கும் இருந்ததை மூத்தவர்கள் சொல்வார்கள். மின்சாரம் வந்தபோது விளக்கின் உருவமே தலைகீழானது. மெழுகு, எண்ணெய், மண்ணெண்ணெய் எதுவானாலும் சுடர் மேல்நோக்கித்தான் எரியும். மின்குமிழைத் தலைகீழாகத் தொங்கவிடலாம். பழைய விளக்கொன்றின் வயதை அறிய எனக்குத் தெரிந்த இலகுவான வழி இதுதான்: கூடோ குடையோ எந்தப் பக்கம் வாய் திறந்திருக்கிறது என்று பாருங்கள். நிலத்தைப் பார்த்துத் திறந்த பூ வடிவக் குடைகள் பெரும்பாலும் மின்சாரக் காலத்தவை. கைகள் குழாயாக இருந்து, சின்னத் திருகியும் இருந்தால் கேஸ். வெள்ளவத்தை, தெஹிவளைப் பழைய வீட்டு முன்விறாந்தைகளில் மூன்று சங்கிலியில் தொங்கும் பால் கண்ணாடிக் கிண்ணங்கள் மின்சாரத்துக்கே பிறந்தவை. என்னைக் கேட்டால் இன்றைய சின்ன வீடுகளுக்கு அவைதான் மிகப் பொருத்தம், ஆனால் ஒருவரும் அவற்றை மதிப்பதில்லை.

எந்தச் சுடருக்குப் பிறந்தது என்று தெரிந்தால் வீட்டில் எப்படிப் பாவிப்பது என்பதும் தெரிந்துவிடும். ஒரு மெழுகுதிரி தருவது ஏறக்குறைய 12 லூமன் வெளிச்சம். பன்னிரண்டு மெழுகுதிரி ஏற்றிய முழுச் சரவிளக்கும் சேர்ந்து 150 லூமன் அளவில். இன்று கடையில் வாங்கும் 9 வோட் எல்.ஈ.டி. ஒன்று மட்டும் 800ஐத் தொடும்! மச்சியின் வீட்டில் அந்த ஆறு கைகளிலும் 9 வோட் வெள்ளை மின்குமிழ் போட்டிருந்தார்கள். கண் கூசும், கண்ணாடி தெரியாது. 'இந்த லைட் அசிங்கம்' என்று பிள்ளைகள் சொன்னதற்குக் காரணம் விளக்கு இல்லை. நான் இரண்டு வோட் மின்குமிழ்களைக் கொண்டு போயிருந்தேன், தெளிந்த கண்ணாடி, பெட்டியில் 2700 கெல்வின் என்று போட்ட மஞ்சள் வெளிச்சம். ஆறு துளிச் சரங்களைக் கழற்றித் துடைத்துவிட்டு ஒன்றை மட்டும் ஏற்றிக் காட்டினேன். எதிர்ச் சுவரில் நிறம் நிறமாகப் புள்ளி விழுந்தது.

அதுவரை கதிரையில் சும்மா இருந்த மாமி அப்போதுதான் வாய் திறந்தார். "இது இவட மாமாட வாப்பா ஏலத்துல எடுத்தது. வெள்ளக்காரக் குடும்பமொண்டு கப்பலேறக்குள்ள. நான் கலியாணம் முடிச்சு வந்த நாள் இதுலதான் லைட் போட்டிச்சி." வீட்டை உடைப்பதைப் பற்றி மாமி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லையாம், இரண்டு மாதமாக.

கண்ணாடியைச் சோதிக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கையால் வெட்டித் தீட்டிய துளியின் விளிம்பு விரலுக்குக் கூர்மையாகத் தெரியும். அச்சில் ஊற்றியதென்றால் விளிம்பு உருண்டு, ஓரத்தில் ஒட்டுக்கோடு ஓடும். பிளாஸ்டிக் கையில் வைத்த உடனேயே காட்டிக்கொடுக்கும், கனமும் இல்லை குளிரும் இல்லை. பழைய துளிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. உலோகத்துக்குக் காந்தம். பித்தளையில் ஒட்டாது. ஒட்டினால் இரும்புக்குப் பூச்சு. இரண்டு மூன்று துளி பிற்காலத்தில் மாற்றியது என்றால் அது குறையில்லை, விலை பேச ஒரு காரணம். கை உடைந்து பசை போட்டிருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு கவலை, உப்புக்காற்று. துளிகளைக் கோக்கும் ஊசிக்கம்பி இரும்பானால் சில வருஷத்தில் துருப்பிடித்து அறும். பித்தளைக் கம்பி அல்லது துருப்பிடிக்காத உருக்குக் கம்பி போடச் சொல்லுங்கள். துணி சுற்றிய வயரில் ஒரு நாளும் மின்சாரம் விடாதீர்கள். புது வயர், புது ஹோல்டர், உலோகம் முழுவதுக்கும் எர்த். இது எலக்ட்ரீஷியன் வேலை, யூடியூப் பார்த்துச் செய்வதில்லை. கொக்கி கொங்கிரீட் சிலாப்பில் இறங்க வேண்டும். பழைய வீட்டுக் கூரை 14 அடி, புது ஃப்ளட்டில் 9 அடிதான் வரும். ஆகவே பெரிய விளக்கை ஹோலின் நடுவில் தொங்கவிட்டால் தலையில் இடிக்கும். சாப்பாட்டு மேசைக்கு மேலே, மேசைப் பலகையிலிருந்து இரண்டரை, மூன்று அடி உயரத்தில் தொங்கவிட்டால் ஒருவரும் கீழே நடக்கப் போவதில்லை.

2022இல் 13 மணி நேரம் கரண்ட் இல்லாத நாட்கள் நினைவிருக்கும். அந்த நாட்களில் இந்த விளக்கு, தான் எதற்குச் செய்யப்பட்டதோ அந்த வேலையைச் செய்ய முடியாமல் தூசியோடு தொங்கிக் கொண்டிருந்தது. ஆறு மெழுகுதிரி மட்டும்தான் தேவைப்பட்டிருக்கும். அந்த வீட்டில் அப்போது போனில் டோர்ச் அடித்துக்கொண்டு இருந்தார்கள்.

மச்சி போத்தல் பத்தரக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கடைக்குக் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பித் தருவார்களா என்று இன்னும் தெரியவில்லை. விளக்கைக் கழற்றி, ஒவ்வொரு கைக்கும் நம்பர் ஒட்டி, துளிகளைப் பழைய பேப்பரில் சுற்றி மூன்று பெட்டியில் போட்டு எங்கள் வீட்டு அறையில் வைத்திருக்கிறோம். எண்ணிப் பார்த்ததில் பதினொரு துளிகள் குறைகின்றன. மேலே எட்டுமூலைப் பொத்தான், கீழே விரல் நீளத்தில் முப்பட்டைத் துளி, நுனி கூர். இனி வீடு உடைப்பவர்கள், அல்மாரித் தட்டில் பழைய கண்ணாடித் துளிகள் சும்மா கிடப்பவர்கள் யாராவது இருந்தால் ஒரு படம் எடுத்து இன்பொக்ஸில் அனுப்புங்கள். அப்படியே, புகைக்காக மேலே தொங்கும் அந்தக் குட்டிக் கண்ணாடி மணி எங்கேயாவது கண்டால் அதையும் சொல்லுங்கள். அது எனக்கு.